மதகுக்கு அந்தப் பக்கம் நம்ம லிமிட் இல்ல சார்!

கோயம்பேட்டில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் வர முப்பது கிலோமீட்டருக்கு மேல. டிராபிக் இல்லேன்னா ஒரு மணி நேரம் (இல்லாத நாள் எதுன்னு கேக்காதீங்க). இந்த ஒரு மணி நேரத்துல நீங்க மூணு போலீஸ் ராஜ்யத்தைத் தாண்டிடுவீங்க. மதுரவாயல் வரைக்கும் சென்னை பெருநகரக் காவல். பூந்தமல்லி, நசரத்பேட்டை வந்தா ஆவடி கமிஷனர். அதுக்கப்புறம் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்ட எஸ்.பி. சரி, இது வேணாம், வண்டலூர் வழியா ஒரகடம் போறேன்னு கிளம்பினா அந்தப் பக்கம் தாம்பரம் கமிஷனர் உக்காந்திருக்கார்.

ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.யா யார் வந்தாலும் எனக்கு அவர் மேல கொஞ்சம் பரிதாபம் உண்டு. அந்தத் தொகுதியில மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், ஸ்ரீபெரும்புதூர்னு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆக, ஒரே எம்.பி.க்கு மூணு கமிஷனர், ஒரு எஸ்.பி. தொகுதியில ஒரு கலாட்டான்னா யாருக்கு போன் போடணும்னே ஒரு உதவியாளர் தனியா வேணும் :-)

அமெரிக்காவில் இருக்கிற நம்ம பதிவர்கள் ஷெரிஃப் கதை எழுதும்போதெல்லாம் நானும் ஆர்வமா படிப்பேன். அங்க ஒரு ஊர் தன்னைச் சிட்டின்னு முறையா அமைச்சுக்கிட்டா சொந்தமா போலீஸ் வெச்சுக்கலாம். அப்படி அமைச்சுக்காத இடமெல்லாம் கவுண்டி ஷெரிஃப் பொறுப்பு. அந்த ஷெரிஃபும் பெரும்பாலான மாநிலங்கள்ல மக்கள் ஓட்டுப் போட்டு வர்றவர். சொந்த போலீஸ் கட்டுப்படியாகலைன்னா கவுண்டிக்கே காசு கொடுத்து வாடகைக்கு எடுத்துக்கலாம். 1954ல் கலிஃபோர்னியாவில் லேக்வுட்னு ஒரு ஊர் இதை ஆரம்பிச்சு வெச்சது. இன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இருக்கும் 88 நகரங்கள்ல நாற்பதுக்கு மேல இப்படித்தான் ஓடுது. நாடு முழுக்க சேர்த்தா சுமார் 18,000 போலீஸ் அமைப்புகளாம். நம்ம ஊர் டீக்கடையைவிட கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

இதைப் படிச்சுட்டு "அங்கேயும் எல்லைச் சண்டை இருக்கே, நம்ம ஊரை மட்டும் ஏன் திட்டறே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு பாருங்க. அங்க எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வேற வரி, வேற சம்பளம், வேற மேயர், வேற சட்டை. என் ஊர்க்காரன் கட்டின வரியில ஓடுற வண்டி உன் ஊருக்கு ஏன் வரணும்னு அவன் கேட்டா, பிடிக்குதோ இல்லையோ, அதுல ஒரு கணக்கு இருக்கு. நமக்கு? காவல் துறை மாநிலப் பட்டியல்ல இருக்கு. ஆவடி ஏட்டுக்கும் காஞ்சிபுரம் ஏட்டுக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து. காக்கியும் ஒண்ணு, டி.ஜி.பி.யும் ஒருத்தர், உள்துறைச் செயலாளரும் ஒருத்தர். அப்புறம் எதுக்குய்யா "நம்ம லிமிட் இல்ல"?

லிமிட்டோட வரலாற்றை கொஞ்சம் பாத்துடுவோம், போரடிக்காம சொல்றேன். சென்னையைச் சுத்தி இந்தக் கோடு அழிச்சு அழிச்சு போடப்பட்ட கோடு. 2008ல் தி.மு.க. ஆட்சியில் சென்னை புறநகருக்குன்னு தனி கமிஷனர். 2011ல் அ.தி.மு.க. வந்ததும் அதைச் சென்னையோடேயே இணைச்சாச்சு. 2021 செப்டம்பரில் மறுபடி சட்டசபையில் அறிவிப்பு, 2022 ஜனவரி 1ஆம் தேதி ஆவடி, தாம்பரம்னு ரெண்டு புது கமிஷனரகம். இதுக்கு நடுவுல 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிளந்து செங்கல்பட்டு தனி மாவட்டம். இன்னொரு பக்கம் 2022 அக்டோபரில் சி.எம்.டி.ஏ. தன்னோட எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904க்கு விரிச்சு எங்களையும் சென்னைப் பெருநகரத்துல சேர்த்துக்கிச்சு. ஆக, வீடு கட்ட பிளான் அப்ரூவல் கேட்டா நாங்க சென்னை. திருடு போனா காஞ்சிபுரம். கொஞ்சம் தள்ளிப்போய்த் திருடு கொடுத்தா தாம்பரம்.

இதுல வேடிக்கை என்னன்னா, போலீஸ் கோடும் கலெக்டர் கோடும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல. மணிமங்கலம், சோமங்கலம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊருங்க, போலீஸ் தாம்பரம். மாங்காடும் காஞ்சிபுரம் மாவட்டம்தான், போலீஸ் ஆவடி. ஒரே கலெக்டருக்குக் கீழ மூணு விதமான போலீஸ். கமிஷனரகமும் மாவட்டமும் சட்டத்துலேயே வேற வேற. கமிஷனரகம் ஓடுறது 1888ஆம் வருஷத்து சென்னை நகரக் காவல் சட்டத்துல. மாவட்டம் ஓடுறது 1859ஆம் வருஷத்து மாவட்டக் காவல் சட்டத்துல. அந்தக் காலத்துல ஒரகடத்துல என்ன இருந்திருக்கும்? ஏரி, வயல், ஒரு கோயில். இப்ப ரெனோ, பென்ஸ் லாரி, என்ஃபீல்டு, அப்போலோ டயர், பக்கத்துல வல்லம் வடகால் சிப்காட், அந்தாண்ட இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய். மூணு ஷிஃப்டு ஓடுற ஊரை குதிரை வண்டி காலத்து ரெண்டு சட்டம் பங்கு போட்டுக்கிட்டு நிக்குது.

இது சும்மா காகிதப் பிரச்சனையா இருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். ஆணி நிறைய இருக்கு எனக்கு. ஆனா இந்த வட்டாரத்துல மனுஷன் எங்க தூங்கறான், எங்க வேலை பாக்கறான், எந்த ரோட்டுல போறான்னு மூணும் மூணு இடம். 2021 டிசம்பர் 17 ராத்திரியை ஞாபகம் இருக்கா? ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உக்காந்த ராத்திரி. விடுதிச் சாப்பாட்டுல கோளாறாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. விடுதி இருந்தது பூந்தமல்லி பக்கம், அது திருவள்ளூர் மாவட்டம். தொழிற்சாலை இருக்கிறது சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் மாவட்டம். கூட இருந்த பொண்ணுங்க சில பேர் செத்தே போயிட்டாங்கன்னு ஒரு வதந்தி. "எங்க ஃப்ரெண்ட்ஸ் எங்க, உயிரோட இருக்காங்களா?" இதுதான் அந்தப் பொண்ணுங்க ரோட்டுல உக்காந்து கேட்டது. பதில் வேற மாவட்டத்து விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் இருந்துச்சு. எதிர்ல நின்ன காக்கி காஞ்சிபுரத்துக் காக்கி. கடைசியில ரோட்டுல உக்காந்ததுல 67 பெண்களைப் பிடிச்சு உள்ள வெச்சாங்க. விடுதிப் பக்கத்து அதிகாரி ஒருத்தர் முதல் நாளே வந்து, இன்னின்னார் இன்ன வார்டுல இருக்காங்கன்னு ஒரு பட்டியலை மைக்குல படிச்சிருந்தா எத்தனை பேர் எழுந்து போயிருப்பாங்கன்னு நான் இன்னிக்கும் யோசிக்கிறது உண்டு.

எங்க கம்பெனி கதை ஒண்ணு. காண்ட்ராக்டில் வேலை பாக்கிற ஒடிசா பையன், இருபத்தொரு வயசு. ரெண்டாவது ஷிஃப்டு முடிச்சு ரூமுக்கு நடந்து போறப்போ பைக்குல வந்த ரெண்டு பேர் செல்போனையும் பர்ஸையும் பிடுங்கிட்டுப் போயிட்டானுங்க. போன் போனா போனது மட்டும் இல்லை, அவன் பேங்க் கணக்கு, ஆதார், கம்பெனி வருகைப் பதிவு, அம்மாவோட பேசற ஒரே வழி எல்லாம் அதுல. ராத்திரியே ஒரு ஸ்டேஷனுக்குப் போனான். "எங்க நடந்துச்சு? மதகுக்கு அந்தப் பக்கமா? அது நம்ம லிமிட் இல்ல." அடுத்த ஸ்டேஷனுக்குப் போனான். "மதகுலேந்து எவ்ளோ தூரம்? அது அவங்க லிமிட்." இவனுக்குத் தமிழ் அரைகுறை, அவங்களுக்கு இந்தி அரைகுறை. நடுவுல அந்த மதகு மட்டும் எல்லாருக்கும் புரிஞ்ச மொழியில நின்னுட்டிருக்கு. மூணாம் நாள் எங்க சூப்பர்வைசர் அண்ணன் கூடப் போய் உக்காந்தப்புறம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைச்சுது. எஃப்.ஐ.ஆர். இல்லை, ரசீது. (எந்த ஸ்டேஷன்னு எழுதப்போறதில்லை. ரெண்டுல எதை எழுதினாலும் அது "நம்ம லிமிட் இல்ல"ன்னுதான் சொல்லும்.) பையன் சம்பளம் வாங்கினதும் ஊருக்குப் போனவன்தான், திரும்பி வரல.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. இந்த லிமிட் விவகாரத்துல சட்டம் ஆச்சரியமா தெளிவா இருக்கு. 1999லேயே உச்ச நீதிமன்றம் சத்விந்தர் கௌர் வழக்குல, எல்லை இல்லேன்னு காரணம் காட்டி விசாரணை நடக்கும்போதே எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ணக் கூடாதுன்னு சொல்லியாச்சு. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்குல அஞ்சு நீதிபதிகள், கைது செய்யத்தக்க குற்றம்னு தகவல் வந்தா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னாங்க. 2024 ஜூலை 1லிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 173வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம்னு எழுத்துலேயே போட்டிருக்கு. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு சொல்றாங்க. நம்பர் போடாம பதிவு பண்ணி, உரிய ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பணும். புகார் கொடுத்தவர் மதகை அளக்க வேண்டியதில்லை. பிரதியும் இலவசமா தரணும். வாங்க மறுத்தா எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதுக்கும் மசியலைன்னா மாஜிஸ்திரேட். பெண்களுக்கு எதிரான சில கொடுங்குற்றங்கள்ல தகவலைப் பதியாத அதிகாரிக்கு ஆறு மாசத்துலேந்து ரெண்டு வருஷம் வரை கடுங்காவல்னு பாரதிய நியாய சன்ஹிதா 199வது பிரிவு சொல்லுது.

இன்னொண்ணும் உண்டு, அதிகம் பேர் பேசறதில்லை. விசாரணை ஆரம்பிச்ச பிறகு, "உனக்கு இந்த எல்லையில அதிகாரம் இல்லையே"ன்னு சொல்லி அந்த விசாரணையைக் கேள்வி கேக்க முடியாது. பழைய சட்டத்தின் 156(2)லேயே இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதாவது, தப்பான ஸ்டேஷன் வழக்கு எடுத்தா ஒண்ணும் குடி முழுகிடாது. எடுக்காம விட்டாத்தான் முழுகும்.

அப்புறம் ஏன் தட்டிக் கழிக்கிறாங்க? எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டா அது அந்த ஸ்டேஷன் கணக்குல ஒரு குற்றம். மாசாமாசம் கிரைம் மீட்டிங்குல மேலதிகாரி அந்த எண்ணிக்கையைத்தான் கேப்பார். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அனுப்பின ஏட்டை யாரும் தட்டிக் கொடுக்கறதில்லை. தவிர, கிராமத்துக்குன்னு கணக்குப் போட்டு வெச்ச ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரே ஷிஃப்டுல ஆயிரக்கணக்குல ஆள் இறங்கறாங்க. பந்தோபஸ்து, கண்டெய்னர் லாரி விபத்து, அமைச்சர் வருகை எல்லாம் அதே பத்துப் பதினஞ்சு பேர் தலையில. அவங்க கஷ்டமும் கஷ்டம்தான். ஆனா அந்தக் கஷ்டத்தை மூணு நாள் நடந்த அந்தப் பையன் தலையில இறக்கறது எந்த ஊர் நியாயம்?

ரெண்டு ஸ்டேஷன் இழுத்தடிச்சா யார் தீர்த்து வைக்கணும்? ஒரே மாவட்டத்துக்குள்ளன்னா டி.எஸ்.பி. போதும். ஒண்ணு தாம்பரம், இன்னொண்ணு காஞ்சிபுரம்னா, எஸ்.பி. மேல சரக டி.ஐ.ஜி., அவருக்கு மேல வடக்கு மண்டல ஐ.ஜி. கமிஷனர் அந்த ஏணியிலேயே இல்லை. ரெண்டு பேருக்கும் பொதுவான மேலதிகாரி மெரினா எதிர்ல, டி.ஜி.பி. ஆபீஸ்ல இருக்கார். மதகுப் பஞ்சாயத்துக்கு நடுவர் கடற்கரையில :-(

இந்த இடத்துல நிறைய பேர் சொல்ற தீர்வு: "ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்தையும் ஏதாவது ஒரு கமிஷனரகத்துல சேத்துடுங்க, இல்ல புதுசா ஒண்ணு போடுங்க." தொழிலதிபர்களுக்கு இது பிடிக்கும், ஹைதராபாத்தைக் காட்டுவாங்க. அங்க ஐ.டி. கம்பெனிங்க இருக்கிற பக்கத்துக்கு 2003லேயே சைபராபாத்னு தனி கமிஷனரகம் வந்தாச்சு. சரி, வந்து? 2019 நவம்பர் 27 ராத்திரி ஷம்ஷாபாத் பக்கம் ஒரு பெண் மருத்துவர் காணாமப் போனார். குடும்பம் ஓடின முதல் ஸ்டேஷன்ல எல்லை அடுத்த ஸ்டேஷனோடதுன்னு சொல்லி அனுப்பினாங்க. ரெண்டுமே ஒரே சைபராபாத் கமிஷனருக்குக் கீழ இருந்த ஸ்டேஷன்கள். அந்தப் பெண் கொல்லப்பட்டார். வழக்குப் பதியத் தாமதம் செஞ்சதுக்காக மூணு போலீஸ்காரங்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. போர்டு மாத்தினதால புத்தி மாறல.

எனக்கு கமிஷனரகம் வேண்டாம்னு சொல்ல இன்னொரு காரணமும் இருக்கு, அதுதான் முக்கியமானது. மாவட்டத்துல தடை உத்தரவு போடற அதிகாரம் கலெக்டர், ஆர்.டி.ஓ. கிட்ட. கமிஷனரகத்துல அது போலீஸ் கமிஷனர் கிட்டேயே. ஊர்வலம், பொதுக்கூட்டத்துக்கு அனுமதியும் அவர்தான். சென்னையில 1888 சட்டத்தின் 41வது பிரிவுல பதினஞ்சு நாளைக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிற கட்டுப்பாடு ஒரு வாடிக்கை ஆயிடுச்சு. இது துணிக்கடைத் தெருவுக்குச் சரியா இருக்கலாம். தொழிற்சாலை பெல்ட்டுக்கு?

2024 செப்டம்பர் 9லிருந்து அக்டோபர் 15 வரைக்கும் சாம்சங் தொழிலாளர்கள் சுங்குவார்சத்திரத்துல வேலைநிறுத்தம் பண்ணாங்க. சங்கத்தைப் பதிவு செய்யணும், அங்கீகரிக்கணும்னு. செப்டம்பர் 16ஆம் தேதி ஊர்வலமா எங்க போகக் கிளம்பினாங்க? காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு. போலீஸ் வழியிலேயே நூத்துக்கு மேற்பட்டவங்களைப் பிடிச்சுது, அது வேற விஷயம். ஆனா போலீசுக்கு வெளியே ஒரு கதவு இருக்கு, அதைப் போய்த் தட்டலாம்னு அவங்களுக்கு ஒரு இடம் இருந்துச்சு. கமிஷனரகம் வந்தா தடுக்கிறவரும் அனுமதி கொடுக்கிறவரும் ஒரே ஆள். 2013, 2014ல் போலீஸ் துணை கமிஷனர்களுக்கே நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்து அரசாணை போட்டிருந்தாங்க. பிடிக்கிறவரே பிணைப்பத்திரமும் எழுதி வாங்குவார்! 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு. நீதிமன்றமே போலீசும் மாஜிஸ்திரேட்டும் ஒரே நாற்காலியில் உக்காரக் கூடாதுன்னு சொன்ன பிறகு, நாமளே வலியப் போய் அந்த நாற்காலியைக் கேப்பானேன்?

தொழிற்சங்கத்துக்காரன்னு முத்திரை குத்திடாதீங்க. நான் எந்தச் சங்கத்திலும் இல்லை, என்னை எவனும் சேத்துக்கவும் மாட்டான்.

என் ஆசை ரொம்பச் சின்னது. மாவட்டம் மாவட்டமாவே இருக்கட்டும், கலெக்டர் கலெக்டராவே இருக்கட்டும். கோட்டை மட்டும் ஷிஃப்டு பஸ் ரூட்டைப் பாத்துப் போடுங்க. எங்க வேலை, எங்க ரூமு, நடுவுல எந்த ரோடு, இது மூணும் முடிஞ்ச வரைக்கும் ஒரே உட்கோட்டத்துக்குள்ள வரட்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின பெண்கள் விடுதி திறந்தாங்க, 18,720 பேர் தங்கலாம். தொழிற்சாலைக்குப் பக்கத்துலேயே தங்கற இடம். போலீஸ் கணக்குல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யாரும் பேசலை. ஆனா அவ்வளவு பெரிய விடுதி வாசல்ல, இந்தி, ஒடியா, பெங்காலி தெரிஞ்ச ரெண்டு பேரோட ஒரு புகார் கவுண்ட்டர் இருந்தா என்ன கெட்டுப்போகும்? மூணு யூனிட்டுக்கும் பொதுவா ஒரு டி.எஸ்.பி.யைப் போட்டு, மதகுப் பஞ்சாயத்தை ராத்திரியே முடிக்கச் சொன்னா என்ன? கிரைம் மீட்டிங்குல "இந்த மாசம் எத்தனை ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டீங்க"ன்னு எஸ்.பி. ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுடும். இதுக்கு அரசாணைகூட வேண்டாம்.

பெருசா ஏதாவது நடந்தா மட்டும் லிமிட் தானா காணாமப் போயிடுதுங்கிறதையும் பாத்திருக்கோம். 1991 மே 21ல் இதே ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டப்போ, உள்ளூர் ஸ்டேஷன் வழக்கு ஒரு சில நாள்ல சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு கைக்குப் போயிடுச்சு. மாநில எல்லை, நாட்டு எல்லை எல்லாம் தாண்டி விசாரிச்சாங்க. செல்போன் பறிகொடுத்தவனுக்கு ஒரு மதகு தாண்ட மாட்டேங்குது.

இப்போதைக்கு என்னால ஆனது ஒண்ணு பண்ணியிருக்கேன். 173வது பிரிவு என்ன சொல்லுது, ஸ்டேஷன்ல என்ன கேக்கணும், எஸ்.பி.க்கு எப்படித் தபால் அனுப்பணும்னு ஒரு பக்கத்துல எழுதி, எங்க கேன்டீன் வாசல் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. ஹெச்.ஆர். முதல்ல முறைச்சார், அப்புறம் "கம்பெனி லோகோ போடாம ஒட்டிக்குங்க"ன்னு விட்டுட்டார். தமிழ் நான் எழுதினது, இந்தி குவாலிட்டியில் இருக்கிற ஒரு அம்மா எழுதிக் கொடுத்தாங்க, ஒடியா பெயிண்ட் ஷாப் பையன் ஒருத்தன். பெங்காலி மட்டும் பாக்கி. கொல்கத்தாவில் இருக்கிற பதிவர்கள், பெங்காலி மாமியார் வாய்த்த பதிவர்கள் யாராவது இருந்தா ஒரு வரி போடுங்க, தாளை அனுப்பி வைக்கிறேன்.